இருக்கைக்கு அடியில் உப்பு

தம்பி, அப்பா எழுதுகிறேன், இதைத் தொலைபேசியில் சொல்ல வழியில்லை. நம் வீட்டுத் தொலைபேசி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே, சமையலறைக் கதவுக்கு நேரே. நான் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அம்மாவுக்குக் கேட்கும். நீ பிரிஸ்டலில் இருந்துகொண்டு சிரித்தாலும் கேட்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டது. அதனால்தான் நான் ஓட்டுகிற மினிகேப் கந்தோரின் பின்னறையில் உட்கார்ந்து, அடுத்த சவாரிக்குக் கூப்பிடும் வரைக்கும் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும், பரவாயில்லை, மெதுவாக வாசி. விஷயம் இதுதான்: சனிக்கிழமை காலை நீ வந்து காரை எடுத்துக்கொண்டு ஷெபீல்டுக்குப் புறப்படும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டாள். லோண்டரியில் அன்றைக்குத் தனக்கு ஷிப்ட் வேண்டுமென்று தானே கேட்டு வாங்கியிருக்கிறாள். உன்னைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்பிய நாட்களில்கூட பஸ் திரும்பி மறையும் வரை ரோட்டில் நின்றவள், முதல் வேலைக்குப் போகிற உன்னை அனுப்ப வாசலுக்கு வரமாட்டாளாம். ஏன் என்று சொல்வதற்குக் காரிலிருந்து தொடங்கவேண்டும். எனக்கு உடம்பு அலுப்பாக இருக்கிறது, ஆனால் இதற்குக் குறுக்குவழி தெரியவில்லை.

இந்த வருட எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் நம்முடைய பழுப்புக் கார் தேறவில்லை. சோதித்தவர் வயதான வெள்ளைக்காரர், கெட்ட செய்தி சொல்வதில் விருப்பமில்லாதவர். காரை மேலே தூக்கி வைத்துவிட்டு என்னையும் அடியில் வந்து பார்க்கச் சொன்னார். முன்சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கைகளில், இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க றப்பர் புஷ் இருக்கும். அவை வெடித்து, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தன. பள்ளத்தில் விழும்போதெல்லாம் முன்பக்கம் ‘டொக்’ என்கிறது என்று ஈஸ்டர் விடுமுறையில் நீ சொன்னாய். ரோடு சரியில்லை என்று நான் சொன்னேன். ரோட்டில் ஒரு பிழையும் இல்லை. அதன் பிறகு அவர் ஓட்டுநர் இருக்கைக்கு நேர்கீழே தரைத்தகட்டை ஸ்குரூடிரைவரால் மெல்ல ஒரு குத்துக் குத்தினார். அது பாண் துண்டுக்குள் வெண்ணெய்க் கத்தி போவது போல உள்ளே போய்விட்டது. இந்த இருக்கையை எது பிடித்துக்கொண்டிருந்தது என்று தனக்குத் தெரியவில்லை என்றார். உடைக்கக் கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் உனக்கு வேலைக்குப் போய்வரக் கார் வேண்டும், இதைத் தருகிறேன் என்று வாயால் சொல்லியும்விட்டேன்.

நம் வீடு இருக்கிற பிளேஸ்டோவில் காரை நிறுத்தவே தெருவில் அடிபட வேண்டியிருக்கிறது, கழற்றிப் பரப்புவதற்கு எங்கே போவது. ஆகவே செவன் கிங்ஸில் குலம் மாமா வீட்டுக்கு முன்னால் இருக்கிற டிரைவ்வேக்குக் கொண்டுபோனேன். குலம் மாமாவை உனக்குத் தெரியும். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் இருக்கிறார். பெற்றோல் விற்கிறவனுக்குக் கார் தெரியாமல் இருக்குமா என்பது அவருடைய வாதம். ஆனால் அவரிடம் ஒரு வெல்டிங் மெஷின் இருந்தது, உதவி கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத மனமும் இருந்தது. வார இறுதிகளில் நானும் அவரும் அங்கேதான் கிடந்தோம். துருப்பிடித்த போல்ட்டுகள் அசையமாட்டேன் என்றன. எண்ணெய் விட்டு ஊறவைத்தோம், தட்டினோம், சூடு காட்டினோம், ஊர்ப்பாஷையில் ஏசியும் பார்த்தோம். பழைய புஷ்ஷை வைஸ் இடுக்கியில் வைத்து நெரித்துத்தான் வெளியே தள்ள முடிந்தது. புதியது உள்ளே போகாமல் அடம்பிடித்தபோது, மாமி கதவடியில் நின்று பார்த்துவிட்டு, கோப்பை கழுவுகிற சோப்பைத் தடவச் சொன்னார். இறுகிப்போன மோதிரத்தை அவர் அப்படித்தான் கழற்றுவாராம். தடவினோம், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு எனக்கும் குலம் மாமாவுக்கும் சண்டை. கார் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் நீளமான ஸ்பேனரை எடுத்து இறுக்கத் தொடங்கினார். நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த புத்தகத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று போட்டிருந்தது.

‘‘அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. சக்கரம் நிலத்தில பட்டாப் பிறகுதானாம் கடைசி இறுக்கு.’’

‘‘லூசா விட்டால் றோட்டில கழண்டுபோகும் ஐசே.’’

‘‘புத்தகத்தில கிடக்கு, அண்ணை.’’

‘‘புத்தகம் எழுதினவன் என்ர டிரைவ்வேயில முழங்காலில நிண்டவனோ?’’

அவர் இறுக்கிவிட்டார். மூத்தவரோடு எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது. அடுத்த நாள் அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப இளக்கினேன். தொங்குகிற நிலையில் இறுக்கினால் றப்பர் அந்த நிலையையே பிடித்துக்கொள்ளும். பிறகு கார் தன் பாரத்தோடு கீழே இறங்கும்போது அது முறுகிக்கொண்டே கிடக்கும், கொஞ்ச நாளில் கிழிந்துபோகும். ஆகவே காரை இறக்கி, சாய்பலகையில் ஏற்றி, முன்பக்கத்தை அமுக்கி ஆட்டி, அது தன் இயல்பில் நின்ற பிறகு அடியில் நுழைந்து படுத்துக்கொண்டு இறுக்கினேன். எழும்புவதற்குக் கதவைப் பிடிக்கவேண்டியிருந்தது. குலம் மாமா வந்து பார்த்துவிட்டு, யோசித்தால் கலியாணமும் இப்படித்தான் என்று தொடங்கினார். தத்துவத்தைப் பிறகு கேட்கிறேன், இப்போது முதுகைப் பிடித்துவிடுங்கோ என்றேன்.

துருவைப் பற்றியும் அவருக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. பனிக்காலத்தில் கவுன்சில்காரர் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அதுதான் இந்த நாட்டில் கார்களைத் தின்கிறது என்றார். நானும் அதையே நினைத்தேன். அடிப்பக்கத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்தபோது எங்கும் மேல்துருதான் இருந்தது. தேய்க்கத் தேய்க்க நல்ல இரும்பு தெரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மட்டும் இரும்பு கருவாட்டுத் தோல்மாதிரி படைபடையாகப் பிரிந்துவந்தது. இருக்கையைக் கழற்றி வெளியே வைத்து, கார்ப்பெட்டைத் தூக்கினோம். அடியில் இருந்த பஞ்சு தொப்பலாக நனைந்திருந்தது. அதற்கும் கீழே ஒரு துணிப்பொட்டலம். வெள்ளையாக இருந்த துணி கறுத்துப்போய், தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே கொஞ்சம் உப்புக் கசடும் மிளகாய்க் காம்புகளும் மிச்சம். அதைச் சுற்றித்தான் தகடு அரித்திருந்தது. மற்ற மூன்று பக்கத் தரையும் புதுக் கார் போல இருந்தது. குலம் மாமா வெகுநேரம் குனிந்து பார்த்தார். ‘‘ஐசே, கவுன்சில்காரனில பிழையில்லை. இது மேலையிருந்து கீழை திண்டிருக்கு’’ என்றார்.

நான் தொலைபேசியில் சொல்லும் வரை இந்தப் பொட்டலம் உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அப்போதே கேலி செய்திருப்பாய். சின்ன மாமாவை உனக்கு நினைவிருக்கும், அம்மாவின் தம்பி, உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, சிநேகிதனின் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன் நித்திரையாகி விளக்குக் கம்பத்தில் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான். அதற்கு முதல்நாள் பின்னேரம் அம்மா அவனைக் கதிரையில் இருத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி, கண்படாமல் நாவூறு கழித்து, காஸ் அடுப்பில் போட்டிருந்தாள். மிளகாய் எரிந்தால் வீடு முழுக்கக் காறும். அன்றைக்குக் காறல் வரவேயில்லை என்றும், கண் அவ்வளவு கடுமையாகப் பட்டிருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான். இந்தச் சிரிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு திரும்பி வரவேண்டியிருக்கிறது.

அடுத்த வருடம் நான் மினிகேப் ஓட்டுவதற்கென்று இந்தக் காரை வாங்கியபோது அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. ஆர்ச்வே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தோம். அந்த ஏற்றத்தில் சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்துவிட்டு, ஹாண்ட்பிரேக் பிடிக்குமோ என்று நான் முருகனைவிடப் பின்சக்கரத்தையே அதிகம் கும்பிட்டேன். அம்மாவுக்கு அது போதவில்லை. வீட்டில் வைத்து ஒருமுறை கழிப்பதால் பயனில்லை, ஓடுகிற வண்டிக்குள்ளேயே காவல் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தாள். யாருடைய காலும் படாத இடமாகவும், ஓட்டுகிறவனின் தலைக்கு நேர்கீழாகவும் இருக்கவேண்டுமாம். கல்லுப்பையும் மிளகாயையும் துணியில் முடிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் எடுத்துப் பார்ப்பாள். இந்த ஊர் ஈரத்தில் உப்பு ஒழுகாமல் என்ன செய்யும்? ஆனால் ஊரில் சட்டிக்குள் காய்ந்து கிடந்த உப்பையே பார்த்து வளர்ந்தவளுக்கு அது தெரியாது. பொட்டலம் நனைந்திருந்தால், ‘‘பாத்தனீங்களே, எவ்வளவு கண்ணை இழுத்திருக்கு’’ என்பாள். அடுத்தமுறை இன்னொரு பிடி கூடப் போடுவாள். பனிக்காலத்தில் எங்களுக்கு நாவூறு அதிகம் என்று நான் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் தகட்டைப் பற்றி யோசனை வரவில்லை. நான் வேறு கார் வாங்கிய பிறகு இதை நீ விடுமுறைகளில் ஓட்டினாய். அப்போதும் அவள் விடவில்லை. போன கோடையில் சிநேகிதர்களோடு பிரைட்டனுக்குப் போனாயே, அதற்கு முதல்நாளும் புது உப்பு வைத்தாள்.

நாங்கள் அந்தப் பொட்டலத்தைக் கண்டுபிடித்த அன்று அம்மா மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு செவன் கிங்ஸுக்கு வந்திருந்தாள். அவள் வாசல் கேட்டுக்குள் வருவதைக் கண்டதும் நான் கார்ப்பெட்டை இழுத்து மூடப் பார்த்தேன். குலம் மாமாவுக்கு அந்த மாதிரி யோசனையெல்லாம் வராது.

‘‘தங்கச்சி, இஞ்ச வாங்கோ. நீங்கள் வைச்ச காவல் செய்த வேலையைப் பாருங்கோ’’ என்று சிரித்தார்.

அம்மா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். தரையில் இருந்த ஓட்டைக்குள்ளால் குலம் மாமா வீட்டுச் சீமெந்து தெரிந்தது. கறுத்த துணியை அடையாளம் கண்டுகொண்டாள். நான் ஏதோ சொன்னேன், ஈரம்தான் காரணம், இந்த ஊர் அப்படி என்று. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

‘‘இதுக்கு மேலையோ அவன் இருந்து ஓடினவன்?’’ என்று கேட்டாள்.

குலம் மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் துணியைப் பிய்த்தெடுத்து, கைக்குள் பொத்திக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு வந்து எங்களுக்குச் சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை.

அன்று பின்னேரம்தான் நீ தொலைபேசி எடுத்தாய். கார் எப்படி என்று கேட்டாய். நான் அதை ஒரு பகிடிக்கதையாகச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ‘‘அப்பா, சீரியஸா? அம்மா nearly killed me! அடுத்த முறை மிளகாய் மட்டும் வைக்கச் சொல்லுங்கோ’’ என்றாய். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா கையில் அகப்பையோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். உன்னுடைய இங்கிலீஷ் எல்லாம் அவளுக்கு விளங்காது, ஆனால் அந்த ஒரு வசனம் விளங்கிவிட்டது.

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குத் தெரிந்த வழியில் சமாளித்திருப்பேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதில்லை. நான் வேலைக்குப் புறப்படும்போது திருநீறு பூசிவிடுவதில்லை. கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, நீங்களே பூசுங்கோ என்கிறாள். இரண்டு வெள்ளிக்கிழமை பொறுத்துவிட்டு, ‘‘உமக்கு என்ன நடந்தது?’’ என்று கேட்டேன். உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

‘‘என்ர தம்பிக்குச் சுத்திப் போட்டன், அடுத்த நாள் போயிட்டான். இவனுக்கு வைச்சன், இருந்த இடத்தையே அரிச்சுப்போட்டுது. என்ர கையிலதான் ஏதோ இருக்கு. அவன் போற சனிக்கிழமை நான் வாசலில நிக்கேல்லை. நான் நிண்டு அனுப்ப வேண்டாம்.’’

‘‘விசர்க்கதை கதையாதையும்’’ என்றேன். நான் சொல்லி எடுபடுகிற விஷயம் இல்லை இது. சின்ன மாமா நித்திரை முழித்ததால் போனான், தகடு ஈரத்தால் போனது, இரண்டையும் நான் பலமுறை விளக்கிவிட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்கிறாள். பிறகு லோண்டரிக்குப் போய்ச் சனிக்கிழமை ஷிப்ட் வாங்கிக்கொண்டு வருகிறாள். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அவள் இப்படியொரு பயத்தைச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதை நினைத்தால் மனம் மிகவும் சோர்ந்துபோகிறது.

கார் இப்போது நன்றாக இருக்கிறது. அரித்த தகட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்தோம். புதுத்தகடு வைத்து குலம் மாமா வெல்ட் பண்ணினார். அவருடைய வெல்டிங்குக்கு அழகு கிடையாது, ஆனால் பிடித்தது விடாது. துருமருந்து பூசி, அது கறுப்பாக மாறிய பிறகு பிரைமர், அதற்குமேல் பெயிண்ட், அடியில் மெழுகு. இருக்கையைப் பூட்டிவிட்டு அதில் உட்கார்ந்து முழுப் பலத்தோடு ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. திரும்பச் சோதனைக்குக் கொண்டுபோனபோது அதே வெள்ளைக்காரர் அடியில் நின்று தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பள்ளத்தில் விட்டும் பார்த்தேன், ‘டொக்’ இல்லை. பனிக்காலத்தில் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடித்துக் கழுவு. கார்ப்பெட் நனைந்தால் உடனே தூக்கிக் காயவிடு. கதவுகளின் கீழே தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, அடைபட்டிருந்தால் குச்சியால் குத்திவிடு. காரைப் பற்றி அவ்வளவுதான்.

இனி நான் கேட்பது. சனிக்கிழமை காலையில் வராதே, வெள்ளிக்கிழமை பின்னேரமே வா. பிரிஸ்டல் ரயிலில் கூட்டம் இருக்கும், நின்றுகொண்டாவது வா. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டாம். கேட்டால், எனக்கென்ன கோவம் என்று சொல்லிவிட்டுக் கறியைக் கிண்டப் போய்விடுவாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். நேரே சமையலறைக்குப் போ. காருக்கு உப்பு வேண்டும் என்று கேள். அவள் மறுப்பாள், தன் கையைக் காரணம் சொல்லுவாள். நீங்கள் தராவிட்டால் நான் காரை எடுக்கமாட்டேன் என்று சொல். ஷெபீல்டில் திங்கட்கிழமை உனக்கு வேலை தொடங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும், ஆகவே நெடுநேரம் மறுக்கமாட்டாள். நாவூறை நீ நம்பவேண்டுமென்று நான் சொல்லவில்லை. நானே நம்புகிறவனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. சின்ன மாமா சிரித்துக்கொண்டு போனான். நீயும் சிரித்தாய். அவள் கையால் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற ஒருவன் அவளுக்கு வேண்டும், தம்பி. அது நானாக இருக்கமுடியாது, நான் வேலை முடிந்தால் வீட்டில்தானே கிடக்கிறேன்.

துணியில் முடிய விடாதே. சமையலறை மேல்தட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல் கழுவிக் காயவைத்திருக்கிறேன், மூடியில் றப்பர் வளையம் இருக்கிற போத்தல். அதில் போடச் சொல். இருக்கைக்கு அடியில், தகட்டில் படாதபடி, அந்தப் போத்தல் உட்காருகிற அளவுக்கு ஒரு சின்ன இரும்பு வளையம் பூட்டியிருக்கிறது. குலம் மாமா ஏன் என்று கேட்காமல் செய்து தந்தார், அவர் வாழ்க்கையில் கேள்வி கேட்காத ஒரே வேலை அதுதான். லோண்டரியில் ஈரத்துணி பிழிந்து பிழிந்து அம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, மூடியை நீ வாங்கி இறுக்கிவிடு. காற்றுப் போகாமல் இறுக்கு.

நீ வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு முறையும், நீ உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அவள் வெளியே போய்ப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். உப்பு காய்ந்து, கல்லுக்கல்லாக, வைத்தபடியே இருக்கும். பிள்ளைமீது ஒருவருடைய கண்ணும் படவில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருவாள். அப்போது நீ ஒன்றும் விளக்கவேண்டாம். சோறு போடச் சொல்லிக் கேள்.

அப்பா